இரண்டாம் கோலியின் கதவு

கதவைப் பற்றி உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஐஸ் ஹொக்கியைத் தொழிலாகக் கொள்ளப் புறப்பட்டிருக்கிறீர்கள். ஸ்காபரோவில் ஒருவர், பேர்னில் ஒருவர், ஒஸ்லோவில் ஒரு தங்கை, இங்கே லண்டனில் குரொய்டன் பக்கத்தில் இருவர். எல்லோரும் கோலிகள், வலையைக் காக்கிறவர்கள். எங்கள் தமிழ்ப் பிள்ளைகள் ஏன் எப்போதும் அடி வந்து விழும் இடமாகப் பார்த்துப் போய் நிற்கிறார்கள் என்று என்னையே கேட்டுக் களைத்துவிட்டேன். காலை எப்படி மடிப்பது, கையுறையை எங்கே வைப்பது என்பதையெல்லாம் உங்கள் பயிற்சியாளர்கள் சொல்லித் தருவார்கள். அதற்கு நான் தேவையில்லை. நான் கதவைப் பற்றிச் சொல்கிறேன்.

ஓர் அணிக்கு இரண்டு கோலிகள். ஒருவர் விளையாடுவார். மற்றவர் அதே பாரமான உடுப்பை முழுதாக மாட்டிக்கொண்டு, விளையாடாமல், பென்ச்சின் கடைசியில் குந்தியிருப்பார். தொடக்கத்தில் நீங்கள் அந்த மற்றவர். நான் தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் அந்த மற்றவன். ஐஸைச் சுற்றி நெஞ்சளவு உயரத்தில் பலகைச் சுவர் ஓடுகிறது. பென்ச்சுக்கு நேரே அதில் ஒரு கதவு. முழு வேகத்தில் ஓடிய ஆட்டக்காரன் ஒரு நிமிடத்துக்குள் மூச்சு முட்டித் திரும்பி வருவான். அதற்காக ஆட்டம் நிற்காது. அவன் கதவால் உள்ளே விழ, இன்னொருவன் பலகைக்கு மேலால் வெளியே பாய்வான். வருகிறவனுக்குக் கதவைத் திறப்பதும் மூடுவதும் இரண்டாம் கோலியின் வேலை. ஒப்பந்தத்தில் அது எழுதியிராது. கனடாவிலும் இந்த நாட்டிலுமாக நான் சம்பளத்துக்கு ஆடிய காலம் முழுவதையும் பிழிந்தால் ஒரு கோப்பை வியர்வை வரலாம். மிச்சமெல்லாம் அந்தக் கதவின் குளிர்ந்த இரும்புக் கொளுவி.

அம்மா ஸ்காபரோவிலிருந்து போன் எடுப்பா.

"இண்டைக்கு விளையாடினனியோ?"

"இல்லையம்மா."

"அப்ப என்னத்துக்குப் போனனி?"

"கதவு திறக்க."

"உதுக்கோ உனக்குச் சம்பளம்? உன்ர அப்பாவும் ஹோட்டல்ல கதவுதான் திறந்தவர். அவருக்கு டிப்ஸாவது கிடைச்சுது."

அவ சிரிப்பா. நானும் சிரிப்பேன். அணியின் பஸ் ஏதோ ஒரு பனி வயலைக் கடந்துகொண்டிருக்கும், யன்னலில் என் முகம் ஓடும், அதற்குள்ளால் மரங்கள் ஓடும். இந்தத் தொழிலில் நீங்கள் அதிகம் பார்க்கப்போவது அந்த யன்னலைத்தான்.

என் முதல் அணி வட ஒன்ராறியோவில் ஒரு சுரங்க ஊரில் இருந்தது. அங்கே முதல் கோலியாக இருந்தவர் பருவம் முழுவதும் என்னோடு பேசவில்லை. நான் அங்கே இருப்பதே அவர் விழுவதற்காக என்று நம்பினார். சரியாகத்தான் நம்பினார், இரண்டாம் கோலி வேறு எதற்காக இருக்கிறான்? ஒரு நாள் அடுக்கடுக்காகக் கோல் விட்டார். பயிற்சியாளர் அவரை வெளியே எடுத்து என்னை இறக்கினார். நான் விட்ட கோல்கள் இன்னும் கூட. ஆனால் அன்றைக்குக் கதவடியில் இருந்தவர் அவர். ஆட்டம் முடிந்து சப்பாத்தின் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, என்னைப் பார்க்காமலே சொன்னார்: "கதவில இருக்கேக்க நீ பக்கைப் பாக்கிறாய். எல்லாரும்தான் அதைப் பாக்கிறாங்கள். நீ வாறவனைப் பார்."

அவர் ஆங்கிலத்தில் சொன்னது என் தலைக்குள் எங்கள் ஊர்த் தமிழில்தான் தங்கியிருக்கிறது. பக் என்றால் அந்தக் கறுத்த ரப்பர் வட்டு, உங்களுக்குத் தெரியும். முழு மண்டபத்தின் கண்களும் அதன் பின்னால் ஓடும். அடுத்த பருவம் அவரை எந்த அணியும் எடுக்கவில்லை. அவருடைய இடத்துக்கு நான் வந்தேன் என்று நினைக்காதீர்கள். வேறொருவன் வந்தான். நான் கதவடியிலேயே இருந்தேன்.

தவழ்ந்து வருவதை முதலில் கண்டதும் அந்த ஊரில்தான். விழுந்தவன் கதவடிக்கு வந்து சேரும்வரை அவனுக்குப் பதிலாக இன்னொருவன் இறங்க முடியாது. அதுவரை அணி ஒரு ஆள் குறைய ஆடும். பக் எதிரணியிடம் இருந்தால் நடுவரும் இலேசில் விசில் ஊதமாட்டார். ஆகவே விழுந்தவன் வருவான். எப்படியாவது வருவான். எங்கள் அணியின் மிகப் பெரிய ஆள், முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, முழங்கையால் ஊன்றி ஊன்றி வந்தான். நான் திறந்தேன். நாலு கைகள் அவனுடைய சட்டையின் பிடரியைப் பற்றி ஒரு மூட்டையைப் போல உள்ளே இழுத்தன. அவன் என் மடியில் விழுந்து பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தபோது, அந்தச் சத்தம் எழுந்தது.

அதையும் சொல்லவேண்டும். எங்கள் தொழிலில் கைதட்டுவது பார்வையாளர்களின் வேலை. நாங்கள் மட்டையால் தட்டுவோம். காயப்பட்டவன் ஐஸை விட்டுப் போகும்போது, நடந்தாலும் சரி, தூக்கிக்கொண்டு போனாலும் சரி, இரண்டு அணியும் மட்டையால் ஐஸிலும் பலகையிலும் தட்டும். அவனை விழுத்தியவனும் தட்டுவான். டக், டக், டக். ஆரவாரமில்லாத, வறண்ட சத்தம். மடியில் கிடந்தவன் அதைக் கேட்டுச் சிரித்தான். முறிந்த காலோடு சிரித்தான். சம்பளத்தை விடுங்கள், பேப்பரில் வரும் பெயரை விடுங்கள். இந்தத் தொழில் எங்களுக்குத் தருகிற மரியாதை அது ஒன்றுதான். அதற்குப் பிறகும் எத்தனையோ பேர் தவழ்ந்து வந்தார்கள். எல்லோருக்கும் திறந்தேன்.

லண்டனுக்கு வந்தபோது முப்பதைக் கடந்திருந்தேன். கனடாவில் எவருக்கும் தேவைப்படாத ஆட்டக்காரர்கள் கடல் தாண்டி வந்து இன்னும் சில வருடம் தங்களை ஏமாற்றிக்கொள்ள இந்த நாட்டில் இடமுண்டு. தென் லண்டனில் கூரை ஒழுகும் ஒரு ஐஸ் ரிங்க். முதல் நாள் உடுப்பு மாற்றும் அறையில் மூலையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"சனியன் பிடிச்ச லேஸ்!"

திரும்பிப் பார்த்தேன். பற்களுக்கிடையில் சப்பாத்து நாடாவைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தான் ஒருவன்.

"தமிழோ?"

"ஓம். நீங்கள்?"

"இரண்டாம் கோலி."

"அய்யோ, அதைக் கேக்கேல்லை அண்ணை." பிறகு என் உடுப்பைப் பார்த்துச் சிரித்தான். "அப்ப என்ர கதவு உங்கட கையில."

ரமணன். பேர்னில் பிறந்தவன். அங்கே வீட்டுக்குப் பக்கத்தில் ரிங்க் இருந்ததால் நடக்கப் பழகின கையோடு சறுக்கவும் பழகியவன். பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கவேண்டும் என்று தாய் தகப்பன் சுவிஸை விட்டு லண்டனுக்கு மாறினார்கள். தகப்பன் தோர்ண்டன் ஹீத்தில் மரக்கறிக் கடை போட்டார். மகன் ஆங்கிலத்தைத் தேடவில்லை, ஐஸைத் தேடினான். தற்காப்பில் ஆடுவான். எதிரணிக்காரன் மோத வந்தால் விலகமாட்டான், ஆனால் மோதிய பிறகு அவனைத் தூக்கிவிட்டுப் போவான். எங்கள் எல்லோரிலும் உண்மையாக ஆடத் தெரிந்தவன் அவன்தான். அதனால்தான் சுவிஸிலிருந்து ஒரு அணி அடுத்த பருவத்துக்கு அவனைக் கேட்டிருந்தது. நாங்கள் இங்கே வந்தது முடிவதற்கு. அவன் இங்கிருந்து தொடங்கப் போகிறான். அதைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருக்கவில்லை, நம்புங்கள். கதவடியில் இருக்கிறவனுக்கு, யாராவது ஒருவனாவது அதற்குள்ளால் தப்பிப் போகவேண்டும் என்று இருக்கும்.

பருவத்தின் கடைசி ஆட்டம் ஒரு ஞாயிறு பின்னேரம். வென்றால் அடுத்த சுற்று உண்டு. ரமணனின் தகப்பன் கடையை நேரத்தோடு பூட்டிவிட்டு வந்திருந்தார். கம்பளித் தொப்பி, கையில் பிளாஸ்க், பக்கத்தில் ரமணனின் தாய். எங்கள் பென்ச்சுக்குப் பின்னாலேயே இருந்ததால் அவருடைய ஆட்ட விளக்கம் முழுவதும் எனக்குக் கேட்டது.

"உவன் ஏன் பந்தை விட்டிட்டு ஆளை இடிக்கிறான்?"

"அது பந்தில்லையப்பா, நீங்கள் பேசாமல் இருங்கோ."

"என்ன கோதாரியோ. ரமணா, நீயும் இடியடா!"

இரண்டாம் பகுதியில் அணிகள் பக்கம் மாறும். எங்கள் வலை பென்ச்சிலிருந்து தூரத்துக்குப் போய்விடும். அந்தத் தூரத்தில்தான் அது நடந்தது. மூலையில் பக்கை எடுக்கக் குனிந்த ரமணனை ஒருவன் பின்னாலிருந்து வந்து பலகையோடு மோதினான். தலை முதலில் போனது. பக் சிதறி வெளியே வந்தது, எதிரணி எடுத்தது, ஆட்டம் அதன் பின்னால் போனது, நடுவரின் கண்ணும் போனது. மூலையில் ரமணன் கிடந்தான். பிறகு அசைந்தான். பிறகு எங்களை நோக்கித் தவழத் தொடங்கினான்.

எல்லோரும் பக்கைப் பார்த்தார்கள். நான் வருகிறவனைப் பார்த்தேன்.

கால் முறிந்தவன் தலையை நிமிர்த்திக்கொண்டு வருவான், கண் கதவைத் தேடும். ரமணனின் தலை நிமிரவில்லை. அது கழுத்திலிருந்து தொங்கிக்கொண்டு வந்தது. வலக்கை ஐஸை அள்ளி அள்ளி உடம்பை இழுத்தது. இடக்கை பின்னால் இழுபட்டு வந்தது, யாரோ மறந்துவிட்டுப் போன ஒன்றைப் போல. கையுறை கழன்று விழுந்ததை அது உணரவில்லை. வெறும் விரல்கள் ஐஸில் உரசிக்கொண்டு வந்தன, குளிருக்கு மடங்கக்கூட இல்லை.

"கதவு! கதவைத் திற!" பின்னாலிருந்து பயிற்சியாளர் கத்தினார். அடுத்து இறங்கவேண்டியவன் ஒரு காலைப் பலகைக்கு மேலே போட்டுவிட்டான். எங்கள் வலைக்கு முன்னால் அவர்கள் ஐந்து பேர், நாங்கள் நாலு பேர்.

ரமணன் கிட்ட வந்துவிட்டான். முகம் தெரியவில்லை, குரல் மட்டும்.

"அண்ணை... திறவுங்கோ. வந்திட்டன்."

"அசையாதை. அப்படியே கிட ரமணன்."

"திறவுங்கோ அண்ணை!"

திறந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த நாலு கைகளும் தயாராக நின்றன. அடிபட்ட கழுத்தென்று பாராமல் பிடரியில் பிடித்து இழுக்கும். அன்பாகத்தான் இழுக்கும். நான் கொளுவியை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். யாரோ என் தோளை இழுத்தார்கள். மறு கையால் தலையிலிருந்த முகக்கவசத்தைக் கழற்றி, பக்கோடு வந்துகொண்டிருந்தவனின் காலடிக்கு எறிந்தேன். அது ஐஸில் உருண்டு போய் அவன் கத்தியில் பட்டது. அவன் தடுமாறி விழுந்தான். விசில்.

பென்ச்சிலிருந்து ஒரு பொருளை எறிந்து ஆட்டத்தைக் கெடுப்பது எவ்வளவு பெரிய குற்றம் என்று உங்களுக்கும் தெரியும். நடுவர் நேரே என்னிடம்தான் வந்தார். நான் ரமணனைக் கையால் காட்டிக்கொண்டே இருந்தேன், அவர் என் கையை விலத்தி வாசலைக் காட்டிக்கொண்டே இருந்தார். வைத்தியக் குழு இறங்கி ஓடுவதைக் கண்டேன். பிறகு என்னை உடுப்பு மாற்றும் அறைக்கு அனுப்பிவிட்டார்கள்.

அந்த அறையில் முழு உடுப்போடு இருந்தேன். சீமெந்துச் சுவர். அதற்கப்பால் ஆயிரம் தொண்டைகள். தட்டும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். அது கேட்டால் அவனைப் பத்திரமாகத் தூக்கிவிட்டார்கள் என்று அர்த்தம். கூச்சல் கேட்டது. பயிற்சியாளரின் குரல் என் பெயரைச் சொல்லிக் கத்தியது. யாரோ பலகையில் போய் மோதினார்கள், யாரோ சண்டை பிடித்தார்கள். பிறகு கோல் விழுந்த ஹோர்ன். என் குற்றத்துக்கு அவர்களுக்குக் கிடைத்த பெனல்டி அது. தட்டும் சத்தம் இந்த இரைச்சலுக்குள் அமிழ்ந்து போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கழுத்தில் இரண்டு எலும்புகளைப் பொருத்தினார்கள். ரமணன் நடக்கிறான். இடக்கை விரல்கள் மடங்கி மூடாது. பலகையில் மோதிய கணத்திலேயே எல்லாம் முடிந்ததா, தவழ்ந்ததால் வந்ததா, இன்னும் ஒரு இழுப்பு இழுத்திருந்தால் நடக்கவே முடியாமல் போயிருக்குமா என்று சத்திரசிகிச்சை செய்தவரிடம் தகப்பன் கேட்டார். அவர் கையை விரித்தார். உங்கள் தீர்மானம் சரியா பிழையா என்று ஒரு நாள் யாராவது வந்து சொல்வார்கள் என்ற எண்ணத்தோடு இந்தத் தொழிலுக்குள் வராதீர்கள். ஒருவரும் வரமாட்டார்கள்.

நாங்கள் அந்த ஆட்டத்தில் தோற்றோம். சுவிஸ் அணி மரியாதையாக விலகிக்கொண்டது. எனக்கு அடுத்த ஒப்பந்தம் இல்லை. வேறு அணிகளிடம் கேட்டபோது, கதவைப் பூட்டின கோலி நீதானே என்றார்கள். சிலர் அதைச் சிரித்துக்கொண்டு சொன்னார்கள். இப்போது மோர்டனில் இருந்துகொண்டு ஒரு ரிங்கில் ஐஸ் மெஷின் ஓட்டுகிறேன். வட்டம் வட்டமாக ஓட்டி, பிள்ளைகள் கீறிவிட்டுப் போன கோடுகளை அழித்து, மேலே தண்ணீர் படரவிட்டு, திரும்பிப் பார்த்தால் அது கண்ணாடியாகக் கிடக்கும். அங்கே எவரும் விழவில்லை என்று அது சத்தியம் செய்யும். எவ்வளவு அழகான பொய். ஒவ்வொரு நாளும் அதை நானே செய்து வைக்கிறேன்.

அண்மையில் ஒரு மத்தியானம் தோர்ண்டன் ஹீத் கடைக்குப் போனேன். நெடுநாள் போகாமல் இருந்துவிட்டுப் போனேன். தகப்பன் முருங்கைக்காயைக் கட்டுக் கட்டாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

"வாரும் தம்பி. எங்க, ஆளையே காணேல்லை? மெலிஞ்சு போனீர்."

"அம்மா எங்க?"

"வெள்ளிக்கிழமையல்லோ. மனோர் பார்க் கோயிலுக்கு. லண்டனுக்குக் குறுக்கால ரெண்டு ரெயின் மாறிப் போறா. அவன்ர கை மூடுமட்டும் போவன் எண்டு நிக்கிறா." குரலைத் தாழ்த்தினார். "தம்பி, நீர்தான் என்ர பிள்ளையை எழுப்பி நடக்கவிட்டனீர் எண்டு நான் சொல்லுறன். அவன் இல்லையெண்டுறான். ஒரே வீட்டில இருந்துகொண்டு இதைத்தான் கதைக்கிறம். வேற கதையில்லை."

பின்னறையிலிருந்து ரமணன் வந்தான். உடம்பு வைத்திருந்தது. வலக்கையாலும் இடது முழங்கையாலும் மரவள்ளிக்கிழங்குப் பெட்டி ஒன்றை நெஞ்சோடு அணைத்திருந்தான். என்னைக் கண்டதும் அதைக் கீழே வைத்தான்.

"அண்ணை, ஐஸ் எப்பிடி?"

"உருகுது."

"ரிங்குக்குக் கவுன்சில் காசு குடுக்காதாக்கும்." சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றுபோனது. "ஒண்டு கேக்கட்டோ?"

"கேள்."

"என்னைத் தூக்கிக்கொண்டு போகேக்க நீங்கள் உள்ளுக்கு, அறையில இருந்தனீங்கள். ஏதும் கேட்டதோ?"

"ஒரே சத்தமா இருந்தது."

"ஒருத்தனும் தட்டேல்லை, அண்ணை."

தகப்பன் முருங்கைக்காயை அடுக்குவதை நிறுத்தினார்.

"கழுத்தைக் கட்டிப்போட்டாங்கள். கூரை மட்டும்தான் தெரியுது. காது மட்டும்தான் வேலை செய்யுது. இப்ப தட்டுவாங்கள், இப்ப தட்டுவாங்கள் எண்டு கேட்டுக்கொண்டு போறன். அவங்கள் எல்லாரும் உங்கட மாஸ்க்குக்கு என்ன தண்டனை எண்டு அடிபட்டுக்கொண்டு நிக்கிறாங்கள். என்னை ஒருத்தனும் பாக்கேல்லை. கடைசியா நான் ஐஸை விட்டு வந்தது அப்பிடித்தான்."

"திறந்திருந்தால் உன்னைப் பிடரியில பிடிச்சு இழுத்திருப்பாங்கள்."

"தெரியும். அப்பா ஒவ்வொரு நாளும் சொல்லுறார்."

"பிறகென்ன ரமணன்?"

"பிறகொண்டுமில்லை. தெரிஞ்சாப்போல ஆறுமோ?"

இவ்வளவுதான் நான் உங்களுக்குச் சொல்ல வைத்திருந்தது. பக்கைப் பார்க்காதீர்கள், வருகிறவனைப் பாருங்கள். தலை தொங்கி வந்தால், கை இழுபட்டு வந்தால், யார் கத்தினாலும் கதவை மூடிப் பிடியுங்கள். அவனே கெஞ்சினாலும் மூடிப் பிடியுங்கள். நாளைக்கு எனக்கு அதே கதவைத் தந்தாலும் அதைத்தான் செய்வேன். ஆனால் அவனிடமிருந்து எதை எடுக்கிறீர்கள் என்று தெரிந்துகொண்டு செய்யுங்கள். அவன் உயிரோடு இருப்பான், நடப்பான், பெட்டி தூக்குவான். அந்தச் சத்தத்தை நீங்கள் அவனுக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது. நான் அன்று அந்தக் கடையில் என் விரல் முட்டியால் மேசையில் தட்டிப் பார்க்கலாமா என்றுகூட நினைத்தேன். கையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். நானோ தட்டுவது? அதற்கு மண்டபம் நிறைய ஆட்கள் வேண்டும். எதிரணியும் வேண்டும்.

ரமணன் பெட்டியைத் திரும்பத் தூக்கினான். வெளியே தெருவோரத் தட்டில் கொண்டுபோய் வைக்கவேண்டும். கடைக் கதவு மூடியிருந்தது. பழைய பழக்கம், என் கால் எனக்கு முன்னால் போய்விட்டது, கை பிடியில் இருந்தது.

"விடுங்கோ அண்ணை," என்றான். "நான் திறப்பன்."

கையை எடுத்தேன். அவன் பெட்டியோடு திரும்பி இடது தோளால் கதவைத் தள்ளினான். கதவு அசையவில்லை. காலை ஊன்றிக்கொண்டு இன்னொரு முறை தள்ளினான். தகப்பன் என்னைப் பார்த்தார். நான் ரமணனைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.